கிளீனர் எழுதிய ஃபைல்

விலை குறைந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். பெட்டியில் டிராகன் படம் போட்டிருக்கும். கார்டில் மூன்று ஃபேன் இருக்கும், ஓரத்தில் கலர் விளக்கு எரியும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலை. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள், பவர் சப்ளை என்ன வைத்திருக்கிறீர்கள், கம்ப்யூட்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள். மூன்றாவது கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். நாமக்கல்லில் ஏசி போட்ட ஆபீசுக்கும் பள்ளிபாளையத்தில் தறி ஓடுகிற வீட்டுக்கும் ஒரே கார்டை எடுத்துக் கொடுக்கிறவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். நான் அப்படிக் கொடுத்ததில்லை.

டீ வாங்கிக் கொடுத்தீர்கள், ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் சார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றீர்கள். சந்தோஷ்குமார் இரண்டு வாரமாக உங்களிடம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். உங்களுக்கு ஏதாவது புரிந்ததா? ஆகவே என் போக்கில் சொல்கிறேன். பள்ளிபாளையத்தில் நடந்ததற்குக் கட்டாயம் வருவேன். மறைக்கிற எண்ணம் இருந்தால், யாரும் தேடாதபோது நானாக பஸ் ஏறி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் பெயர் கலையரசன். சொந்த ஊர் சேந்தமங்கலம். நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. அம்மா ஆராயி என்னோடு இருக்கிறாள். அப்பா காத்தான் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் லாரியில் கிளீனர். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடி துடைத்து, நிறுத்திய இடத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கி, டிரைவர் தூங்கும்போது சரக்கைக் காவல் காக்கிற ஆள். மற்ற கிளீனர்கள் நாலைந்து வருடத்தில் ஸ்டியரிங் பிடித்துவிடுவார்கள். அப்பா இருபத்திரண்டு வருடம் கிளீனராகவே இருந்தார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டு, தானே கண்டுபிடித்ததாக முதலாளியிடம் சொல்வார். அப்பா அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

சந்தோஷை பாலிடெக்னிக்கில் படிக்கும்போதிலிருந்து தெரியும். மோகனூர்ப் பக்கம் தோட்டம், வீட்டில் ஒன்பது லாரி. என்னை அவன் ஒரு நாளும் வித்தியாசமாக நடத்தியதில்லை. அவன் அம்மா மயிலம்மாள் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டயா சாமி" என்றுதான் முதலில் கேட்பார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அவன் மேல் முன்விரோதம் என்று பிறகு யாராவது கிளப்பிவிடுவார்கள். இல்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

ஊரடங்கு சமயத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது 'பட்ஜெட் பொட்டி' என்று ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்தோம். குறைந்த செலவில் கம்ப்யூட்டர் கட்டுவது எப்படி, எந்த கிராபிக்ஸ் கார்டு கொடுத்த காசுக்கு உழைக்கும், இந்த மாதிரி விஷயங்கள். முதல் வீடியோவில் நான் பேசினேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு சந்தோஷ் சிரித்தான்.

"நீ பேச வேண்டாண்டா கலை. பரீட்சைக்கி ஒப்பிக்கிற மாதிரியே இருக்குது. நான் பேசறேன், நீ கழட்டு."

அவன் சொன்னது சரிதான். எனக்கு கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வீடியோவில் அவன் முகமும் என் கைகளும் வந்தன. மேலிருந்து ஒரு கேமரா மேசையைப் பார்க்கும். கார்டைப் பிரிப்பது, பசை தடவுவது, ஃபேன் மாற்றுவது எல்லாம் என் கை. இடது ஆட்காட்டி விரலில் சால்டரிங் சுட்ட தழும்பு இருக்கிறது, பாருங்கள். அவன் பேச வேண்டியதை முழுதாக நான்தான் எழுதிக் கொடுப்பேன். வோல்டுக்கும் வாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை பாதிப் பேச்சில் முழித்தான். கேமராவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டிக் கரையேற்றினேன். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி அந்தக் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். கார்டு செய்கிறவர்கள் ஒவ்வொரு விலைக்கும் ஒரு சிப் என்று செய்வதில்லை. பல நேரம் பெரிய கார்டிலும் சின்ன கார்டிலும் இருப்பது ஒரே சிப். சின்ன விலைக்குப் போவதில் ஒரு பகுதியைப் பூட்டி அனுப்புவார்கள். அந்தப் பகுதி சிலதில் உண்மையிலேயே பழுதாக இருக்கும். சிலதில் ஒரு பழுதும் இருக்காது, விலைக்காகப் பூட்டியிருப்பார்கள். பூட்டு இருக்கிற இடம் பயாஸ். கார்டு கண் விழித்ததும் முதலில் படிக்கிற சின்ன ஃபைல் அது. சேலத்துக்கு மூட்டை மூட்டையாகப் பழைய கார்டுகள் வந்து இறங்கின. அதில் ஒரு ரகத்தை யாரும் சீண்டவில்லை. அதற்குள் பூட்டிய பகுதி நல்ல நிலையில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை, யாரும் சொல்லியும் தரவில்லை.

பதினேழு நாள் ஆனது. மூன்று கார்டு செத்தது. நான்காவது கார்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூட்டு திறந்தது. அதே கார்டு முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேலை செய்தது. திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் கீழே இறங்கிப் போய், டயர் கடையில் இருந்த நாலு பேருக்கும் டீ சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அன்றைக்கு விஷயத்தைச் சந்தோஷிடம் மட்டும் சொன்னேன்.

"பெரிய சமாச்சாரண்டா இது. நம்ம ரெண்டு பேரு பேரும் நிக்கும் பாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

வீடியோ வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். "மூணு வாரமாத் தூங்காம உக்காந்து கண்டுபுடிச்சேனுங்க" என்று தொடங்கினான். முழுக்க நான், நான், நான். நான் எழுதிக் கொடுத்த தாளில் 'நாங்கள்' என்றுதான் இருந்தது. வாய் தவறியிருக்கும் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து, மலேசியாவிலிருந்தெல்லாம் அவனைப் பாராட்டினார்கள். பூட்டு திறக்கிற ஃபைலை இணையத்தில் சேனலுக்கென்று இருந்த பொது இடத்தில் வைத்து, வீடியோவுக்குக் கீழே இணைப்புக் கொடுத்திருந்தோம். அதை வைத்ததும் நான்தான்.

பிறகு ஒரு நாள் நேரலையில் யாரோ கேட்டார்கள், அந்தக் கைகள் யாருடையது என்று. சந்தோஷ் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அதா? நம்ம கலைங்க. வண்டி ஓட்டறது நானு, அவன் நம்ம கிளீனரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அடுத்த நிமிடமே கீழே கிளீனர், கிளீனர் என்று கமெண்டுகள் ஓடின. கிளீனருக்கு ஒரு வணக்கம். கிளீனர் டீ வாங்கிட்டு வா. நாமக்கல்காரனுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கும் சீக்கிரமே விளங்கிவிட்டது.

எதிர்வீட்டுப் பெண் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா சோறு போடும்போது, "உங்கப்பனும் இப்பிடித்தான், வாயத் தொறக்க மாட்டான்" என்றாள்.

ஆகவே வாயைத் திறந்து கேட்கப் போனேன். சந்தோஷ் வீட்டு முன்னால் லாரி ஷெட்டில் நின்றிருந்தான்.

"தமாசுக்குச் சொன்னதுடா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு வாரயே" என்றான்.

"எங்கப்பன் கிளீனரா இருந்தது உனக்குத் தெரியும்."

"தெரியாமயா? அதனாலதாண்டா அந்த உரிமைல சொன்னேன். வேற எவனயாச்சும் அப்பிடிச் சொல்லுவனா?"

"கண்டுபுடிச்சது நான்னு ஒரு வார்த்த சொல்லீரு சந்தோசு. அது போதும்."

"சனம் ஒரு மூஞ்சியத்தாண்டா நம்பும். ரெண்டு பேருன்னு சொன்னா ரெண்டு பேரையும் நம்பாது. கொஞ்ச நாள் போவட்டும்" என்றான். சேனலை எப்படி நடத்துவது என்று எனக்கே பாடம் சொல்கிற குரல். இருபது வருடப் பழக்கத்தில் அந்தக் குரலை அவன் என்னிடம் உபயோகித்ததே இல்லை. நான் உடைந்துபோனேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அடுத்த வீடியோவில் வேறு கைகள் வந்தன. விரலில் பெரிய கல் மோதிரம். கார்டைப் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்த கைகள். அவன் மச்சான் சிவபிரகாஷ் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். என் ஸ்க்ரூ டிரைவர் செட்டும் அங்கேயே இருந்தது. லட்சத்துச் சொச்சம் பேர் அந்தச் சேனலைப் பின்தொடர்ந்தார்கள், சார். கை மாறிவிட்டதை அதில் ஒரே ஒரு ஆள் கவனித்துக் கேட்டிருந்தாள். 'அந்தப் பழைய கை எங்கே? இவர் பிடிக்கிற விதமே தப்பாக இருக்கிறது.' எழுதியவள் பெயர் பிரவீனா. பள்ளிபாளையம்.

ஆமாம், அவள்தான்.

அவளை எனக்கு நேரில் தெரியும். அப்பா நாச்சிமுத்து ஆறு விசைத்தறி ஓட்டுகிறார். தறிக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அவள் கம்ப்யூட்டர். படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் டிசைன் போட்டு ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். முதல் தடவை பழுது பார்க்கப் போய் கேபினெட்டைத் திறந்தபோது, உள்ளே தலையணையைப் பிரித்துக் கொட்டியது போல் பஞ்சு. காற்றில் எந்நேரமும் பறக்கிற நூல் தூசி, சூடான இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அந்தப் பழைய ரகக் கார்டைத்தான் போட்டுக் கொடுத்தேன். தறி வீட்டுக்கு மூன்று விதி சொன்னேன். ஃபேன் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. கதவிடுக்கை டேப் போட்டு அடைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்து போட்டோ எடுத்து அனுப்புவாள். 'சரியா அண்ணா?' என்று கேட்டிருப்பாள். சரி என்று பதில் போடுவேன். சொன்னதை வரி பிசகாமல் செய்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான்.

ஃபைலுக்கு வருகிறேன். சேனலின் பொது இடத்துக்கு நான் வைத்த கடவுச்சொல்லை சந்தோஷ் மாற்றவே இல்லை. எப்படி மாற்றுவது என்று அவனுக்குத் தெரியாது. நல்ல ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறொன்று எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். போட்டதும் கார்டு பிரமாதமாக ஓட வேண்டும், சந்தோஷைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற அளவுக்கு. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சூடு ஏறுகிற நேரத்தில் ஃபேன் நிற்க வேண்டும். நிற்பதைக் கம்ப்யூட்டர் கவனிக்கக் கூடாது. எப்படிச் செய்தேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதுகிற தாள் நாலு பேர் கைக்குப் போகும், யாராவது செய்து பார்ப்பார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு இருக்கிறது. முதல் ஃபைலைவிட இது கடினமான வேலை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆயுத பூஜை அன்று மாற்றினேன். வருடா வருடம் அன்று சந்தோஷ் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. லாரிகளுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எங்கள் கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்போம். இந்த வருடம் கூப்பிடவில்லை. மதியம் படம் போட்டிருந்தான். மேசையில் வாழை இலை விரித்து, அதில் என் ஸ்க்ரூ டிரைவர் செட்டை வைத்து, சிவபிரகாஷ் அதற்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஃபைலை மாற்றினேன்.

அந்த நாளை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரை யாரும் தொட மாட்டார்கள். பொட்டு வைத்து, பொரி கடலை வைத்து, ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஆகவே அன்றைக்கு யாருக்கும் ஒரு சேதமும் வராது. மறுநாள் விஜயதசமி. புதிதாக எதைத் தொடங்கினாலும் நம் பக்கத்தில் அந்த நாளுக்கென்று வைத்திருப்பார்கள். சந்தோஷே ஒரு வாரமாக, "இன்னும் பூட்டுத் தொறக்காதவங்க விஜயதசமி அன்னைக்கித் தொறங்க, நல்ல நாளு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் ஃபைலை இறக்கிப் போட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குத் திட்டு ஆரம்பமானது. கார்டு கருகிவிட்டது, நாசமாய்ப் போவாய், உன்னை நம்பினேனே. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலரும் எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றரைக்குச் சந்தோஷ் எனக்கு போன் செய்தான். நாலு மாதத்தில் முதல் தடவை. எடுக்கவில்லை. திட்டியவர்கள் அவன் முகத்தைத் திட்டினார்கள், நான் என் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருந்தது. நாலரை மணிக்குப் பழைய நல்ல ஃபைலையே திரும்ப வைத்துவிட்டேன். யாருக்கும் அதற்கு மேல் கெடுதல் வேண்டாம் என்று நினைத்தேன்.

பள்ளிபாளையத்தில் அதற்குள் தீ பிடித்துவிட்டது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்காகத் தறிகளைத் துடைத்துக் கூட்டிப் பெருக்கியதில் கழிவுப் பஞ்சு பதினோரு மூட்டை சேர்ந்திருக்கிறது. வாங்குகிற ஆள் பண்டிகை முடிந்துதான் வருவான். வெளியே போட்டால் மழை. பூஜை போட்ட தறிக்கூடத்தில் குப்பையை வைக்க முடியாது. மூட்டைகளை அவள் அறையில் அடுக்கிவிட்டார்கள். தறி வீடுகளில் வருடா வருடம் இதுதான் நடக்கும். அவள் கம்ப்யூட்டரில் டிசைனை ஓட விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். விஜயதசமி என்பதால் பேருக்கு ஒரு தறியை ஓட்டிக்கொண்டிருந்தார் நாச்சிமுத்து. அந்தச் சத்தத்தில், உள்ளே ஃபேன் நின்று கார்டு கருகிப் பஞ்சு பற்றியது யாருக்கும் கேட்கவில்லை. புகை வந்ததும் கதவைத் திறந்திருக்கிறாள். இரண்டு வருட டிசைனும் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தது. எடுக்க உள்ளே போனாள். பஞ்சுத் தீ ஓடுகிற வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. மூன்றாம் நாள் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

நான் துக்கத்துக்குப் போனேன். நாச்சிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார்.

"எல்லாஞ் சரியாத்தானுங்க பண்ணுச்சு. நீங்க சொன்ன மாதிரியே டேப்பு ஒட்டி, ஊதித் தொடச்சு... எங்க தப்புப் போச்சுன்னு தெரியிலீங்களே தம்பி" என்றார்.

"உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதில் பொய் இல்லை. அவரோடு சேர்ந்து நானும் அழுதேன், அதிலும் பொய் இல்லை.

அடுத்த வாரம் நீங்கள் சந்தோஷைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவன் சேனல், அவன் இணைப்பு, கண்டுபிடித்தது தான்தான் என்று அவன் வாயாலேயே ஒன்பது லட்சம் பேரிடம் சொன்னது. எனக்குத் தெரியாது, நான் செய்யவில்லை என்று அவன் கதறியதாகச் சொன்னார்கள். அவன் சொன்னது உண்மை. ஆனால் ஏற்கெனவே பொய் சொல்லிப் பேர் வாங்கியவன் இப்போது உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே விட்டிருப்பேன், உங்கள் எதிரில் வந்திருக்க மாட்டேன்.

ஆனால் டிவியில் ஒரு நிபுணரை உட்கார வைத்தார்கள். கருகாத கார்டு ஒன்றிலிருந்து என் ஃபைலை எடுத்துத் திரையில் போட்டுக் காட்டி விளக்கினார். இவ்வளவு நுணுக்கமான வேலையை நான் பார்த்ததில்லை, இதை எழுதியவருக்கு அந்தக் கார்டைச் செய்தவர்களைவிட அதைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது, கெட்டதுக்குப் பயன்பட்ட அபாரமான மூளை என்றார். என் பதினேழு நாளையும் அதற்குப் பிறகு பட்ட பாட்டையும் புரிந்துகொண்ட முதல் மனிதர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே எழுத்து ஓடியது. சந்தோஷ்குமார். சந்தோஷ்குமாரின் மூளை.

அன்றைக்கே உங்கள் ஆள் ஒருவர் என் கடைக்கு வந்தார். சந்தோஷ் என் பெயரைச் சொல்லியிருக்கிறான், விசாரிக்க வந்தேன் என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லத் தயாராகத்தான் எழுந்தேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த வீடியோல கிளீனருன்னு சொல்லுவாங்களே, நீதானப்பா அது?" என்றார். ஆமாம் என்றேன். பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு, "செரி, இருக்கட்டும்" என்று இறங்கிப் போய்விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் படியிறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது ஏற்பட்ட கேவலம், சந்தோஷ் என்னைக் கிளீனர் என்று சொன்ன அன்றுகூட ஏற்படவில்லை.

இதோ பென் டிரைவ். நல்ல ஃபைல், கெட்ட ஃபைல், இரண்டின் ஒவ்வொரு படியும் தேதியோடு இருக்கிறது. உங்கள் நிபுணரிடம் கொடுங்கள். சந்தோஷைக் கூப்பிட்டு இதில் ஒரு வரிக்கு அர்த்தம் கேளுங்கள், விடிய விடிய உட்கார்ந்தாலும் அவனால் சொல்ல முடியாது. ஃபைல் யாருடையது என்கிற தவறு இதோடு தீர்ந்தது.

இன்னொரு தவறும் இருக்கிறது. சந்தோஷ்குமாரின் பேச்சை நம்பி அந்தப் பெண் ஃபைலைப் போட்டாள் என்று நீங்கள் எழுதியதாகப் பேப்பரில் வந்திருந்தது. விஜயதசமி காலை ஒன்பதரைக்கு அவள் எனக்கு போன் செய்தாள். போன் கணக்கில் உங்களுக்கும் தெரிந்திருக்கும், கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனோடு பேசினாள் என்று விட்டிருப்பீர்கள்.

"அண்ணா, பிரவீனா பேசறனுங்ணா. அந்தப் பூட்டுத் தொறக்கற ஃபைலு இன்னைக்கிப் போடலாமுங்களா? நல்ல நாளுன்னு சொல்றாங்க."

"அவன்தான் சொல்லீட்டானே, அப்பறம் எங்கிட்ட என்ன கேக்கற?" என்றேன்.

"அவரு சொல்றத வெச்சு நான் போட மாட்டனுங்ணா. கண்டுபுடிச்சது நீங்கன்னு எனக்குத் தெரியுமுங். எங்க ஊட்டுக்கு வந்தப்பவே இந்தப் பூட்டு சமாச்சாரத்தச் சொன்னீங்கல்ல. அதான் உங்களக் கேட்டுட்டுப் போடலாம்னு இத்தன நாளா வெச்சிருந்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"பூசைக்குத் தொடச்ச பஞ்சு மூட்டைய பூரா என் ரூம்லதான் அடுக்கியிருக்காங்ணா, கால் வைக்க எடமில்ல. நாளைக்கி அதெல்லாம் எடுத்ததுக்கப்பறம் போடட்டுங்களா?"

இருநூறு பேருக்குக் கார்டு போனால் சந்தோஷ் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடுவான். அதையும் பத்து லட்சம் பேர் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். மறக்க முடியாதபடி ஏதாவது நடந்தால்தான் அவன் முகத்தை யாரும் அதன் பிறகு நம்ப மாட்டார்கள். இதையெல்லாம் அவள் பேசி முடித்து நான் பதில் சொல்வதற்குள் யோசித்துவிட்டேன். எனக்கு எப்போதும் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

"ஒண்ணும் ஆவாது சாமி, இன்னைக்கே போட்டுரு" என்றேன்.

"செரிங்ணா" என்றாள்.

ஆகவே அவள் சந்தோஷை நம்பிச் சாகவில்லை சார். இந்த உலகத்தில் அவளுக்கு ஒருத்திக்காவது அதைக் கண்டுபிடித்தது யார் என்று தெரிந்திருந்தது, என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். அந்த இடத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.